முனியாண்டி மேட்டில் கொடி பிடித்த நாள்

விமானத்துக்குக் கொடி பிடித்தேன் என்றால், இப்போது டிரோன் விட்டு மருந்தடிக்கும் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை போட்ட காலத்தில், மலேசியாவில் கம்பார் பக்கம் எங்கள் தோட்டத்தில் அதுதான் என் வேலை. உரம் தூவுகிற விமானம் பனை உச்சியை உரசுகிற மாதிரி தாழப் பறந்து வரும். எந்த நிரையில் வரவேண்டும் என்று மூங்கில் கழியில் வெள்ளைக் கொடி கட்டித் தூக்கிக் காட்டுவோம். தலைக்கு மேல் போனதும் ஐந்து நிரை தள்ளிப் போய் நிற்க வேண்டும். கொடியைக் கீழே போட்டால், 'தூவாதே, மேலே ஏறு' என்று அர்த்தம். எங்களிடம் வயர்லெஸ் எல்லாம் கிடையாது.

அந்த வாரம் பக்கத்துத் தோட்டத்திலும் ஒரு விமானம் வேலை செய்தது. இரண்டு தோட்டத்துக்கும் எல்லை ஒரு மேடு. அந்தப் பக்கம் வருவது இந்தப் பக்கம் தெரியாது. அதனால் எங்கள் பைலட் கேப்டன் லிம்மும் அந்தத் தோட்டத்துப் பைலட்டும் பேசி வைத்திருந்தார்கள். காலையில் அந்தத் தோட்டத்துக்காரர் எல்லை ஓரம் தூவுவார், நாங்கள் ஆற்றோரம். பத்து மணிக்கு மேல் இடம் மாறிக்கொள்வது.

அந்த மேட்டில்தான் எங்கள் முனியாண்டி இருந்தார். அன்று பத்து மணிக்குப் படையல். காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டு முடிந்ததும், எங்களை வேலை வாங்கும் மண்டோர் மாணிக்கம் அண்ணன் என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, பத்து மணிக்கு அங்க போனா படையல்ல ஒரம் கொட்டும். மொதல்ல கோயில் பக்கத்த முடிச்சிட்டு, அப்புறமா ஆத்தோரம் போலாம்."

"கேப்டன்கிட்ட சொல்லியாச்சாண்ணே?"

"அவரு கொடியப் பாத்துத்தானே வாராரு. கொடி எங்க இருக்கோ அங்க வருவாரு லா."

காலையில் எல்லை ஓரம் பக்கத்துத் தோட்டத்து விமானம் வருமே என்று நினைத்தேன். ஆனாலும் சாமி காரியம். வாயை மூடிக்கொண்டு மேட்டடிக்குப் போனேன். அப்படி வாயை மூடிக்கொண்டதை நினைத்தால் இன்றைக்கும் என் மேல் எனக்கே கோபம் வருகிறது.

முதல் நடை நல்லபடியாகப் போனது. இரண்டாவது நடைக்கு விமானம் தூரத்தில் திரும்பிக்கொண்டிருந்தது. எனக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. மேட்டையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். மேட்டுக்குப் பின்னால் இன்னொரு எஞ்சின் சத்தம் கேட்டது. ஒன்று முகத்துக்கு நேரே வருகிறது, ஒன்று முதுகுக்குப் பின்னால் வருகிறது. கத்தினால் யார் காதில் விழும்? கொடியைத் தரையில் அடித்தேன்.

கேப்டன் லிம்மின் விமானம் மூக்கை நிமிர்த்தியது. கனம் குறையத் தொட்டியில் இருந்த மொத்த உரத்தையும் ஒரே கொட்டாகக் கொட்டிவிட்டு ஏறியது. அடுத்த நொடி மேட்டைத் தாண்டி மஞ்சள் விமானம் வந்தது. லிம்மின் சக்கரத்துக்குக் கீழே அது நுழைந்தபோது, இரண்டும் ஒட்டிக்கொண்ட மாதிரிதான் எனக்குத் தெரிந்தது. பிறகு தனித்தனியாகப் பிரிந்து போயின. நான் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் லிம் ஜீப்பில் வந்து இறங்கினார். சீனர்தான், ஆனால் தைப்பிங் பக்கம் ஒரு தோட்டத்தில் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்தவர். முகத்தில் ரத்தமே இல்லை.

"கொடியப் போட்டது யாரு?"

"நாந்தான் கேப்டன். இங்க கொண்டாந்து புடிச்சதும் நாந்தான்."

"புடிக்கச் சொன்னது நானு," என்றார் மாணிக்கம் அண்ணன், தலை நிமிராமல். "படையல்ல ஒரம் விழுந்துரும்னு..."

"கொடி இங்க இருக்கவும், பக்கத்து ஆளு சீக்கிரமா முடிச்சிட்டாருன்னு நெனச்சேன் லா. சாமிக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, பத்து மணிக்கு வேலையவே நிறுத்தியிருப்பேனே அக்கா. எனக்கும் வீட்ல புள்ளைங்க இருக்கு."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அழுதுவிட்டேன்.

மூவரும் மேட்டில் ஏறினோம். லிம் கொட்டிய உரம் முழுக்கக் கோயில் மேல்தான் விழுந்திருந்தது. படையலுக்கு விடிந்ததுமே எடுத்து வைத்திருந்த பொங்கல் பானை, வாழை இலை, தேங்காய், எல்லாம் வெள்ளை. முனியாண்டியின் மீசையும் நரைத்துப் போயிருந்தது. பெண்கள் சாமியைப் பார்ப்பதா எங்களைப் பார்ப்பதா என்று தெரியாமல் நின்றார்கள்.

"நா தொடலாமா?" என்று லிம் கேட்டார். மாணிக்கம் அண்ணன் தோள் துண்டை எடுத்துக் கொடுத்தார். உயிரோடு திரும்பி வந்த அந்த மனுஷன் சாமியின் மீசையைத் துடைத்துவிட்டார்.

மேலே பறக்கிறவருக்குக் கீழே நாம் பேசி மாற்றுவது எதுவும் கேட்காது. எவ்வளவு நல்ல காரணமாக இருந்தாலும் அவர் காதில் போடாமல் எதையும் மாற்றக் கூடாது. நான் வேலை விடுகிற வரைக்கும், எங்கே ஆரம்பிக்கிறோம் என்று கேப்டன் தன் வாயால் சொல்லாமல் கொடியைத் தூக்கியதில்லை. தினமும் அதை அவரிடம் கேட்க நான் வாயைத் திறப்பதற்குள் மாணிக்கம் அண்ணன் கேட்டுவிடுவார்.