துடைத்த ஆப்பிள்

ஆப்பிள் கம்பெனி வேலைக்காகப் போலந்துக்குப் போன முதல் வாரத்தில் ஆப்பிளைத் துடைத்ததற்காகத் திட்டு வாங்கினேன். பல மாதம் குளிர்க்கிடங்கில் இருந்து வெளியே வந்த பழங்கள், எண்ணெய் தடவியதுபோலக் கையில் வழுக்கின. அழுக்கு என்று நினைத்துத் துணியால் தேய்த்தேன். மேற்பார்வையாளர் மாக்தா துணியைப் பிடுங்கி வீசினார். துணிதான் அழுக்கு என்கிறார் போலும் என்று, ஓடிப்போய்ப் புதுத்துணி கொண்டுவந்தேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். அது பழம் தானே சுரக்கும் மெழுகு, உள்ளிருக்கும் ஈரத்தைக் காப்பது என்று பிறகு தெரிந்தது. நிறமும் துவர்ப்பும் தரும் பொருட்களும் தோலில்தான் அதிகமாம். கிடங்கில் அந்தப் பொருட்களில் சில நிலைக்கும், சில குறையும், ரகத்துக்கு ரகம் மாறும் என்றார்கள். அது எனக்கு இன்றும் சரியாகப் பிடிபடவில்லை. கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் பழக்கடை வைத்திருக்கும் அண்ணனிடம் போனில் சொன்னது ஒன்றுதான்: "மாசக்கணக்குல வெச்சா தோல் மேல மெழுகு கட்டுதுண்ணா."

விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பு, அண்ணன் வெந்நீர் அண்டாவில் ஆப்பிள்களை முக்கித் துண்டால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நீதான மெழுகுனு சொன்ன? போன பௌர்ணமிக்கு ஒரு அம்மா நகத்தால சுரண்டிக் காட்டி, 'விஷத்த விக்கிறியா'னு நாலு பேர் முன்னால கேட்டுடுச்சு. இந்த வாட்டியும் அப்படி ஆச்சுனா கடைப்பக்கம் ஒருத்தன் வரமாட்டான்."

"அது பழமே போட்டுக்கறதுண்ணா. தேய்க்காத."

"அப்ப மேல பூசறதே இல்லியா?"

"சில எடத்துல பூசுவாங்க."

"இதுல இருக்கறது எது?"

ஒரு பழத்தை எடுத்துத் தடவிப் பார்த்தேன். "தெரியல."

"அஞ்சு வருஷமா அங்க இன்னா பண்ண? ஆப்பிளத் தாலாட்டினியா?"

பௌர்ணமியன்று பழங்கள் மங்கி, காம்பருகே சுருங்கியிருந்தன. கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த ஒரு பெண் ஒன்றை அழுத்திப் பார்த்தார்.

"இன்னாங்கண்ணா, பழசத் தலையில கட்டறீங்க?"

அண்ணன் என்னைக் காட்டினார். "தம்பி வெளிநாட்டு ஆப்பிள் கம்பெனில இருக்கான். அவனக் கேளுங்க."

"கழுவுனதால சுருங்கிடுச்சுங்க. பழசு இல்ல" என்றேன். சொல்லும்போதே சந்தேகம் வந்தது. மரத்தைவிட்டுப் பல மாதம் ஆன பழம் அங்கே புதிது. இரண்டே நாளில் இங்கே பழசு. எந்தக் கணக்கில் பதில் சொல்வது?

"கழுவுனா எங்கனா பழம் சுருங்குமா சார்?" சிரித்துக்கொண்டே அடுத்த கடைக்குப் போய்விட்டார்.

அண்ணன் என்னைத் திட்டவில்லை. கத்தியை எடுத்துத் தோலைச் சீவி, பழத்தைத் துண்டுபோட்டு, மிளகாய்த்தூள் தூவிக் காகிதக் கப்பில் அடுக்கினார். கிரிவலம் போகிறவர்கள் நின்று வாங்கினார்கள். சீவிய தோலெல்லாம் 'போலந்து' என்று ஆங்கிலத்தில் அச்சிட்ட காலிப் பெட்டிக்குள் விழுந்தது. கப் வாங்கிய ஒருவர் மென்றுகொண்டே என்னைக் கேட்டார்: "எந்த ஊருப் பழம்ங்க?"

பெட்டியைக் காலால் மெல்லப் பின்னுக்குத் தள்ளினேன். "இங்கதாங்க சீவுனது" என்றேன்.