சூசைக்கு வாய்த்த நல்மரணம்

பாக்குக் கிட்டங்கி சூசை இறந்து ஆறு வருஷம் ஆகிறது. நல்ல சாவுக்காக ஜெபிக்கிற எங்கள் கத்தோலிக்க நல்மரண சபையில் யாராவது இறந்தால் காரியதரிசி அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வைப்பது வழக்கம். தாலி கட்டியவளை அடித்தே கொன்றவனுக்குக்கூட ஒரு பக்கம் எழுதியிருக்கிறோம், அவன் கோயிலுக்குப் பீடத்துணி வாங்கிக் கொடுத்த புண்ணியத்துக்காக. சூசைக்கு மட்டும் ஒரே வரி. அந்தக் காரியதரிசி நான்தான். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். படிக்கிறவர்கள் என்னைத் திட்டினாலும் சரி, எனக்கு அது போதாது.

அவன் காரைக்காலிலிருந்து 1909இல் பினாங்குக்கு வந்தான். அப்போது வயது இருபத்திரண்டு. பீச் ஸ்ட்ரீட்டில் ஷேக் அலாவுதீன் ராவுத்தரின் சரக்குக் கிட்டங்கியில் பாக்குத் தரம் பிரிக்கிற வேலை. மூட்டைக்குள் கையை விட்டு நாலு கொட்டையை எடுத்து வெட்டிப் பார்த்து, இது எத்தனையாம் தரம் என்று சொல்லிவிடுவான். ராவுத்தர் மறுபேச்சுப் பேசமாட்டார். ஆனால் அந்தத் தூசியில் அவனுக்கு இளைப்பு வந்துவிட்டது. மாதத்துக்கு நாலு தடவையாவது நான் டாக்டருக்கு உதவியாக டிரெசர் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கு வந்து பெஞ்சியில் குந்தி, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்குவான். மிக்ஸ்சர் கொடுப்பேன். ஊமத்தை இலையைக் கொளுத்திப் புகை பிடிக்கச் சொல்வேன். இந்த ஆள் நாற்பதைத் தாண்டமாட்டான் என்று என் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

ஊரில் அவனுக்குப் பெண்டாட்டி உண்டு. பெயர் சவுந்தரம். கல்யாணமாகி நாற்பது நாள் சேர்ந்து இருந்தார்கள். அப்புறம் இவன் கப்பலேறிவிட்டான். கடல் தாண்டிப் பெண்ணை அனுப்பமாட்டோம் என்று அவள் அண்ணன்மார் சொல்லிவிட்டார்கள். இவனும் அடித்துக் கேட்கவில்லை. பத்து வருஷத்தில் அவள் முகமே மறந்துபோயிற்று என்று என்னிடமே சொன்னான்.

1919இல் அவன் ஆஸ்பத்திரிக்கு வருவது நின்றது. செத்துத்தான் போனானோ என்று கிட்டங்கிக்குப் போய்ப் பார்த்தேன். கல்லுக்குண்டு மாதிரி இருந்தான். கன்னத்தில் சதை போட்டிருந்தது. அதே கிட்டங்கி, அதே தூசி. என்ன மருந்து சாப்பிடுகிறாய் என்று கேட்டேன். சிரித்தான். ராவுத்தர்தான் பதில் சொன்னார்.

"மருந்து சுங்கை பினாங்ல இருக்கு டிரெசர். இடியாப்பம் விக்கிது."

தனலெட்சுமி என்று பெயர். இந்துப் பெண், விதவை. அவளோடு ஒரே அறையில் குடித்தனம் நடத்துகிறான் என்று தெரிந்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரில் கட்டின பெண்டாட்டி உயிரோடு இருக்கும்போது இவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்துக் கட்டிவைக்கவும் வழியில்லை. காரியதரிசி என்ற முறையில் புத்தி சொல்ல ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் புறப்பட்டுப் போனேன்.

கதவு திறந்திருந்தது. அன்றைக்கு அவனுக்கு இளைப்பு கண்டிருந்தது. இளைப்புக்காரனால் படுக்க முடியாது, சாய்ந்துகொள்ள ஏதாவது வேண்டும். தரையில் பாயைப் போட்டு இரண்டு பேரும் முதுகோடு முதுகு சேர்த்து உட்கார்ந்திருந்தார்கள். அவன் பாரம் முழுக்க அவள் மேல். அவள் மடியில் முறத்தை வைத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே பேசிக்கொண்டிருந்தாள்.

"...பூனை மீனத் தூக்கிட்டு ஓடுது. மீன்கார ஹபீப் நாநா ஒரு கையில கைலியப் புடிச்சுக்கிட்டுப் பின்னாலயே ஓடுறாரு. பாசாரே சிரிக்கிது. வாங்க டிரெசரய்யா, ஒக்காருங்க. இவருக்கு இப்ப மூச்சு வந்துரும்."

தொழில் புத்தி விடவில்லை. கடிகாரத்தை எடுத்து எண்ணினேன். நிமிஷத்துக்கு முப்பத்தெட்டு மூச்சு. அரை மணி நேரத்தில் இருபத்திரண்டுக்கு வந்தது. புகையும் இல்லை, மிக்ஸ்சரும் இல்லை. பூனைக் கதையும் ஒரு பொம்பளை முதுகும்தான்.

நான் புத்தி சொல்லாமல் திரும்பினேன். இரக்கப்பட்டுத் திரும்பினேன் என்று பல வருஷம் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். அது பொறாமை. என் வீட்டில் அமலம்மாள் நல்ல கத்தோலிக்கப் பெண், மெய்விவாகத்தில் கட்டியவள். சோறு எடுத்து வைத்திருக்கிறது, சாப்பிடச் சொல் என்று பிள்ளைகள் மூலமாகத்தான் எனக்குத் தகவல் வரும். நான் தூக்கம் வராமல் கிடப்பேன், பகலெல்லாம் மண்டைக்குத்து. ஊருக்கெல்லாம் மருந்து கலக்குகிறவனுக்கு வீட்டில் ஒரு வாய் வெந்நீர் வைத்துத்தர ஆள் கிடையாது. பாவத்தில் இருக்கிறவன் கொழுகொழுவென்று இருக்க, புண்ணியத்தில் இருக்கிற நான் வற்றிக்கொண்டு போனேன்.

எட்டு வருஷம் அவன் அப்படி இருந்தான். வருஷா வருஷம் உயிர்ப்புப் பண்டிகையான பாஸ்குவுக்குக் கோயிலுக்கு வருவான். பூசையில் சாமியார் நாக்கில் வைக்கிற நன்மை அப்பத்தை வாங்க உரிமையில்லாததால் உள்ளே வராமல் வாசல் கேட்டோடு நின்றுவிட்டுப் போவான். அது மட்டும்தான் அவனுக்கு இருந்த துக்கம்.

1926 கடைசியில் அவனுக்குக் கபசுரம் கண்டது. பிழைத்தான். அவள் பிழைக்க வைத்தாள் என்பதே சரி. ஆனால் அந்தச் சுரத்தில் அவனுக்குச் சாவுப் பயம் பிடித்தது. சபைத் தலைவர் வில்லியம் கிராணிக்கு வேறொரு பயம். இந்த நிலைமையில் சூசை செத்தால் சாமியார் மந்திரித்துவைத்த கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது, சபை உறுப்பினன் ஒருவனை வேலிக்கு வெளியே புதைத்தார்கள் என்ற பேர் வந்துவிடும்.

"டிரெசர், அவன் ஒங்க பேச்சத்தான் கேப்பான். போயி ஒரு வழி பண்ணுங்க," என்றார்.

போனேன். இந்த முறை புத்தி சொன்னேன். பலவீனமாகக் கிடந்தவனிடம் நரகத்தைப் பற்றி எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவும் சொன்னேன். எரிகிற வீட்டில் பிடுங்குகிற வேலைதான் அது. அவன் அழுதான். அப்புறம் தனலெட்சுமியைப் பார்த்தான். அவள் அடுப்பைப் பார்த்தபடி நின்றாள்.

"அவரு சாமிகிட்ட அவரு போறதுக்கு நான் குறுக்க நிக்கல அய்யா," என்றாள். "ஆனா இவருக்கு இளைப்பு வந்தா அதட்டக் கூடாது. பேச்சுக் குடுத்துக்கிட்டே இருக்கணும். அத மட்டும் அந்தம்மாகிட்டச் சொல்லிருங்க."

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை.

'உன் புருஷன் உயிர் உன் கையில் இருக்கிறது, உடனே புறப்பட்டு வா' என்று சவுந்தரத்துக்குக் கடிதம் எழுதினேன். அண்ணன்மார் செத்துப்போயிருந்ததால் இந்த முறை தடுக்க ஆளில்லை. பாஸ்குவுக்கு முந்தின தபசு காலம் தொடங்கும்போது கப்பலில் வந்து இறங்கினாள். முப்பத்தைந்து வயதுக்கு முடி பாதி நரைத்திருந்தது. கோயிலுக்குப் பக்கத்திலேயே அறை பார்த்துக் கொடுத்தோம். கிட்டங்கித் தூசி வேண்டாமென்று கிராணி அவனுக்குக் கோயிலில் மெழுகுதிரி, பூச்சாடி பார்க்கிற வேலை வாங்கிக் கொடுத்தார். சபை ஒரு நிபந்தனை வைத்தது. தபசு காலம் நாற்பது நாளும் தனலெட்சுமியைப் பார்க்காமல் ஒழுங்காக இருந்து காட்டினால் பாஸ்குவன்று எல்லோர் முன்னாலும் நன்மை வாங்கலாம். முன்வரிசையில் என் பக்கத்திலேயே அவனுக்கு இடம்.

சவுந்தரத்தைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். வீட்டைத் துடைத்து வைத்தாள். வேளை தவறாமல் மிக்ஸ்சர் கொடுத்தாள். கோழிச்சாறு வைத்தாள், நெஞ்சில் தைலம் தேய்த்தாள். தூசி இல்லை, வேலைக் கஷ்டம் இல்லை, ஆத்துமத்துக்கும் பயமில்லை. எல்லாம் இருந்தது. இரண்டாம் வாரம் அவனுக்கு இளைப்பு வந்தது. மூன்றாம் வாரத்திலிருந்து அது விடவே இல்லை. சோறு இறங்கவில்லை. யார் பேசினாலும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பழைய சட்டை அவன் மேல் கொடியில் தொங்குகிற மாதிரி தொங்கியது. ஊசி போட்டுப் பார்த்தேன், புகை போட்டுப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

வழியில் ராவுத்தர் என்னைப் பிடித்துக்கொண்டார். "எங்கிட்ட எட்டு வருசம் இளைப்புன்னு ஒரு நாள் படுக்கல அவன். ஒங்ககிட்ட வந்து நாலு வாரம் ஆகல. என்னதான் குடுக்குறீங்க?" என்று கேட்டார். நான் நடையை எட்டிப் போட்டேன்.

பாஸ்குவுக்கு ஒரு வாரம் முந்தின குருத்து ஞாயிறுக்கு மறுநாள் சவுந்தரம் ஆஸ்பத்திரிக்கே வந்தாள். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு மெதுவாகப் பேசினாள்.

"அண்ணே, அவுக என்னைய வாங்க, போங்கன்னு பேசுறாக. தண்ணி குடுத்தா, 'ஒங்களுக்குச் சிரமம்'ங்குறாக. கட்டுன பொண்டாட்டிகிட்ட யாராச்சும் அப்படிப் பேசுவாகளா? நான் அவுகளுக்கு அந்நியம். நான் தொட்டா அவுக ஒடம்பு வெறைச்சுப் போகுது. எனக்குக் கையில தெரியுது."

"பழகினாச் சரியாப் போகும்மா."

"பழகுறதுக்கு ஆளு இருக்கணுமேண்ணே. தூக்கத்துல அந்தப் பொம்பள பேரச் சொல்றாக. முன்ன கோவம் வந்துச்சு. இப்பப் பயம்தான் வருது. அவளக் கூப்புடுங்க. வந்து ஒக்காரட்டும். நான் ஒரு ஓரமா இருந்துக்கிறேன்."

அந்த வார்த்தையைச் சொல்ல அவள் என்ன பாடு பட்டிருப்பாள்! பதினெட்டு வருஷம் புருஷன் இல்லாமல் கிடந்து, கடல் தாண்டி வந்து, ஒரு மாதத்தில் அவனை விட்டுக்கொடுக்கச் சம்மதித்துவிட்டாள். ஆனால் தனலெட்சுமி அந்த வீட்டுப் படியேறினால் நிபந்தனை உடைந்தது. அப்புறம் பாஸ்குவன்று நன்மை ஏது? வில்லியம் கிராணி ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். நானும் சொல்லி வைத்திருந்தேன்.

"ஞாயித்துக்கெழம நன்மை வாங்கட்டும். திங்கக்கெழம பாத்துக்கலாம். ஆறு நாள்ல என்ன ஆயிடப்போவுது?" என்றேன்.

இருபது வருஷம் நாடி பிடித்தவன் சொன்ன பேச்சு இது. ஆறு நாளில் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம் என்னை வரச்சொல்லி, "கொஞ்சம் இவுக பக்கத்துல இருங்கண்ணே," என்று சொல்லிவிட்டு சவுந்தரம் வெளியே போனாள். மூன்று மணிச் சிலுவைப்பாதைக்குத்தான் போகிறாள் என்று நினைத்தேன். சூசை தலையணைகளை அடுக்கி அதில் சாய்ந்திருந்தான். உதடு நீலம் பாய்ந்திருந்தது. எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தாறு.

"தைரியமா இரு சூசை. இன்னும் ரெண்டே நாளு. முன்வரிசைல ஒனக்கு எடம் போட்டாச்சு," என்றேன்.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். கோபம் இல்லை. எனக்குப் புரியவைக்க முடியாது என்று விட்டுவிட்ட பார்வை.

"கொஞ்சம் ஏதாச்சும் பேசுங்கண்ணே," என்றான்.

எனக்குப் பேச ஒன்றும் வரவில்லை. மனிதர்களோடு சும்மா பேசிப் பழக்கமில்லை. ஜெபப்புத்தகத்தை எடுத்து நல்மரணத்துக்கான மன்றாட்டை வாசித்தேன். இரண்டாம் பக்கம் புரட்டும்போது மூச்சு நின்றிருந்தது. சாமியார் சிலுவைப்பாதையில் இருந்தார். சாகிறவனுக்கு எண்ணெய் தடவி அவஸ்தை பூசக்கூட ஆளில்லை.

கொஞ்ச நேரத்தில் வாசலில் ரிக்‌ஷா வந்து நின்றது. மலாயும் தெரியாமல் சீனமும் தெரியாமல், சுங்கை பினாங் என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு விசாரித்து விசாரித்துப் போய் சவுந்தரம் தனலெட்சுமியைக் கூட்டி வந்திருந்தாள். இரண்டு பேரும் உள்ளே வந்தார்கள். தனலெட்சுமி கட்டிலைப் பார்த்தாள். ஓ என்று கத்துவாள் என்று நினைத்தேன். அவள் சவுந்தரத்தின் பக்கம் திரும்பி, "கடேசியா எப்பக்கா சாப்பிட்டாரு?" என்று கேட்டாள். அதற்குச் சவுந்தரம்தான் வாய்விட்டு அழுதாள்.

பெரிய வெள்ளியிலிருந்து பாஸ்கு வரை துக்கப் பூசை கிடையாது. மணியும் அடிக்கமாட்டார்கள், மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். இந்த வெயிலில் பிணத்தைப் பாஸ்கு வரை வைத்திருக்கவும் முடியாது. சபைக் கொடியில்லை, பாட்டில்லை. சனிக்கிழமை விடிந்ததும் ஏழெட்டுப் பேர் தூக்கிக்கொண்டு போனோம். மந்திரித்த மண்ணில்தான் புதைத்தோம், அதில் குறை வைக்கவில்லை.

"எப்படியோ ஆத்துமம் கரையேறிடுச்சு," என்றார் வில்லியம் கிராணி.

சவுந்தரம் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"பொழைக்க வைக்கக் கூப்புடுறீகன்னுல்ல நான் கப்பல் ஏறுனேன்," என்றாள். "பொதைக்கத்தான்னு சொல்லியிருந்தா அங்கனயே இருந்து அழுதிருப்பேனே. அவுகளாச்சும் இருந்திருப்பாக."



மறுநாள் பாஸ்கு. கோயில் நிறையப் பூ, புதுத்துணி, மணிச்சத்தம். முன்வரிசையில் என் பக்கத்து இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண்ணிடம் அன்பாக இருந்த குற்றத்துக்காக எட்டு வருஷம் அவனைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தினோம். அவனைக் கொன்ற நான் எல்லோரோடும் எழுந்து போய் மண்டியிட்டேன். நாக்கை நீட்டினேன். சாமியார் நன்மை கொடுத்தார். ஒருத்தரும் தடுக்கவில்லை.