டெனிஸ்டன் எடுத்துக் கொடுத்த துவக்கு

சென்ட் லோரன்டில் ஒரு வேர்ஹவுஸில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் டெனிஸ்டனை, போர் நடந்த நாட்டிலிருந்து வந்தவர் என்பதால், துவக்குப் பழகிய கை என்றே எல்லாரும் நம்பினார்கள். அந்த மதிப்பு இனித்ததால் அவரும் மறுக்கவில்லை.

கூட வேலைசெய்யும் மார்செல் புதிதாக ஆட்டுப் பண்ணை வாங்கியிருந்தான். குட்டிகளைத் தின்னும் கொயோட்டி என்ற ஓநாய்ச் சாதியைச் சுட எந்தத் துவக்கு நல்லது என்று அவன் கேட்டபோது, டெனிஸ்டன் பெரிய மனிதர்போலத் தலையாட்டினார்.

“ஷெல்லடிக்குப் பங்கருக்குள்ள காதைப் பொத்திக்கொண்டு கிடந்த நீங்கள், துவக்கு வாங்கிக் குடுக்கப் போறியளோ?” என்றாள் மனைவி அக்னெஸ்.

“நீர் சும்மா இரும்.”

கடையில் ஒரு துவக்கை எடுத்துக் கொடுத்த டெனிஸ்டன், தோட்டாவுக்குள் நிறையச் சன்னக் குண்டுகள் இருந்தால் ஒன்றாவது கொல்லும் என்று பொடிச் சன்னத் தோட்டாக்களையே எடுத்தார். அது பறவைக்கு, கொயோட்டிக்குப் பெரிய சன்னம் வேண்டும் என்றார் கடைக்காரர்.

“இவருக்குத் தெரியும்,” என்று மார்செல் கடைக்காரரின் வாயை அடைத்தான்.

சனிக்கிழமை காலை இருவரும் பற்றைக்குள் பதுங்கி, கொயோட்டியை வரவழைக்க முயல் கதறும் ஒலிப்பதிவைப் போட்டார்கள். நாற்பது மீற்றரில் கொயோட்டி வந்து நின்றது. மார்செலின் வெடி விலாவில் பட்டும் அது விழவில்லை. கத்திக்கொண்டே, உடம்பை இழுத்து இழுத்துக் காட்டுக்குள் போனது.

மத்தியானம்வரை இரத்தச் சொட்டுகளைப் பின்தொடர்ந்தும் அது அகப்படவில்லை. டெனிஸ்டன், தான் ஒருநாளும் துவக்குச் சுட்டதில்லை என்ற உண்மையைச் சொல்ல வாயெடுத்தார்.

“மன்னித்துக்கொள்,” என்று மார்செல் முந்திக்கொண்டான். “நீ சரியாகத்தான் எடுத்துத் தந்தாய். என் கைதான் பிழை. அடுத்த சனிக்கிழமை நீயே சுடு.”

டெனிஸ்டன் அதற்கும் தலையாட்டினார்.