குண்டு உடம்பும் கரண்டும்

சாத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் நான் வேலைக்குச் சேர்ந்தபோதே எண்பது கிலோவைத் தாண்டியிருந்தேன். எங்கள் வெடிமருந்து அறை வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருந்தார்கள். உள்ளே போகுமுன் எல்லோரும் அதைத் தொட வேண்டும். உடம்பில் ஏறிய மின்சாரம் அதன் வழியாக மண்ணுக்குள் இறங்கிவிடும். இல்லாவிட்டால் விரல்நுனியில் தெறிக்கும் ஒரு பொறி போதும், மருந்து பற்றிக்கொள்ள.

தகட்டோடு எனக்குச் சண்டை இல்லை. போர்மேனோடுதான். ஒல்லியான மனிதர். மற்றவர்களை உடனே உள்ளே விடுவார், என்னை மட்டும் நிறுத்திவைப்பார்.

“அக்கா, நீங்க இன்னுங் கொஞ்ச நேரம் தொடுங்க. ஒடம்பு பெருசுல்லா, கரண்டும் அம்புட்டு இருக்கும்.”

பின்னால் நிற்கிற பெண்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன். உள்ளுக்குள் எரியும்.

ஒருநாள் பாதுகாப்பு வகுப்பு எடுக்க வெளியூரிலிருந்து ஒருவர் வந்தார். மருந்து அறைகளுக்கு வெகுதூரம் தள்ளியிருந்த ஆபீசில் வகுப்பு. உடம்பில் ஏறிய மின்சாரத்தைக் காட்டும் கருவியும் கொண்டுவந்திருந்தார். போர்மேன் என்னைப் பார்த்துக்கொண்டே அவரிடம் கேட்டார். “குண்டா இருக்கவுகளுக்குக் கரண்டு கூடத்தான சார்?”

“கிலோவுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. அது உடம்புக்கு மேலாகத்தான் தங்கும், சதைக்குள்ளே இல்லை. என்ன துணி உடுத்தியிருக்கீங்க, எதில் உரசினீங்க, அதைத்தான் பார்க்கணும்.”

நான் எழுந்துவிட்டேன். “அப்ப எங்க ரெண்டு பேரையும் அளந்து காட்டுங்க சார்.”

செருப்போடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து எழுப்பினார். பருத்திச் சேலை கட்டிய எனக்குக் கருவியில் எண் லேசாகத்தான் அசைந்தது. போர்மேன் சாயங்காலக் கல்யாண வரவேற்புக்காகப் பளபளவென்று பாலியஸ்டர் சட்டையில் வந்திருந்தார். அவர் எழுந்ததும் எண் எகிறியது. பெண்கள் கைதட்டினார்கள்.

அந்த உற்சாகத்தில் நான் கேட்டேன். “கரண்டு எறங்குனா எடை கொறையுமா சார்?”

“எலக்ட்ரானுக்கும் எடை உண்டும்மா. கூட ஏறியிருந்தால், இறங்கும்போது குறையும். உங்ககிட்டேருந்து போயிருந்தால், தொட்டதும் திரும்ப வந்து கூடும். எப்படியானாலும் எந்தத் தராசிலும் தெரியாது.”

பட்டினி கிடக்காமல் இளைக்க ஒரு வழி கிடைத்தது என்று நினைத்திருந்தேன். அதுவும் போயிற்று.

போர்மேனைச் சட்டையைக் கழற்றச் சொல்லி, ஸ்டோரில் கிடந்த தொளதொள பருத்திச் சட்டை ஒன்றைக் கொடுத்தார்கள். வேலை முடிந்து தன் சட்டையை எடுக்கப் போனால் ஆபீசைப் பூட்டியிருந்தார்கள். அப்படியே கல்யாணத்துக்குப் போனவரை மண்டபத்தில் யாரோ கூப்பிட்டு, மூன்றாவது இலைக்குச் சாம்பார் வரவில்லை என்று அதட்டினார்களாம்.

மறுநாள் அவரே சொன்னார்.

“என்ன செஞ்சீக?” என்றேன்.

“ஊத்திட்டு வந்தேன்” என்றார்.