மாடு வந்தால்தான் சோறு

செஞ்சி கடைத்தெருவில் கோதண்டராமனின் ஜவுளிக்கடைக்குத் தினமும் சாயங்காலம் ஒரு மாடு வரும். ராஜம்மாள் வீட்டுச் செவலை. பகலெல்லாம் தெருவில் திரிந்துவிட்டு, வீடு திரும்பும் வழியில் கடை வாசலில் நிற்கும். முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வந்து ஒரு கட்டு அகத்திக்கீரை கொடுப்பார். உள்ளே எவ்வளவு பெரிய கல்யாணக் கூட்டம் உட்கார்ந்திருந்தாலும் மாட்டைக் காக்கவைக்க மாட்டார். அதில் எனக்குச் சண்டை இல்லை. மாடு சாப்பிடட்டும்.

என் சண்டை உள்ளே நிற்கிற தனலட்சுமிக்காக.

தனலட்சுமிக்கு நாற்பத்தாறு வயது. ஊர் மேல்சித்தாமூர், சமணக் குடும்பம். பதினோரு வருஷமாக அந்தக் கடையில் சேலை விரித்துக் காட்டுகிறார், மடித்து வைக்கிறார். காலையில் வரும்போதே இரண்டு டப்பா கொண்டுவருவார். ஒன்று மதியத்துக்கு, இன்னொன்று பொழுது சாய்வதற்குள் சாப்பிட. அவர்கள் வீட்டில் பொழுது சாய்ந்தபின் யாரும் எதுவும் வாயில் போடுவதில்லை. அந்த இரண்டாவது டப்பாவை விட்டால் மறுநாள் காலைவரை பட்டினி. சர்க்கரை வியாதி வேறு. மாத்திரை போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு இருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

பழைய சூப்பர்வைசர் இருந்தவரை சிக்கல் இல்லை. வெளிச்சம் மங்கினால் "போய் சாப்ட்டு வாம்மா" என்பார். போன ஆவணியில் சிவசங்கர் வந்தான். கூடவே விரல் வைக்கிற மெஷினும் வந்தது. சாயங்கால இடைவேளை ஆறரைக்கு, பதினைந்து நிமிஷம், எல்லோருக்கும் ஒரே நேரம். ஆனி, ஆடியாக இருந்தால் ஆறரைக்கு ஓடிப்போய் நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்ளலாம். ஐப்பசியில் ஆறரைக்கு இருட்டிவிடுகிறதே!

தனலட்சுமி கேட்டுப் பார்த்தார். "எனக்கு மட்டும் முன்னாடி வுடுப்பா. அதே பதினஞ்சு நிமிஷந்தானே?"

"மெஷின்ல ஆறரை போட்டிருக்குதுக்கா. உங்க சாமிக்கு ஒரு நேரம், மெஷினுக்கு ஒரு நேரம்னா நான் இன்னா பண்றது?"

கார்த்திகையில் ஒரு நாள் ஏழு மணிக்கு, பட்டுச்சேலைக் கவுண்டரில் நெற்றி இடிக்க அப்படியே சரிந்து விழுந்தார். பக்கத்துக் கவுண்டர் மீனம்பாள் ஓடிவந்து மடியில் போட்டுக்கொண்டு, வாயைத் திறந்து சர்க்கரைத் தண்ணீரை ஊற்றினார். தனலட்சுமி விழுங்கினார். பிழைத்தார்.

மறுநாள், நான் செயலாளராக இருக்கும் கடை ஊழியர் சங்க ஆபீசுக்கு வந்தார். நெற்றிக் காயத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

"நாப்பத்தாறு வருஷத்துல மொத தடவ, பொழுது போனப்புறம் என் வாயில வுழுந்திருக்குது தோழர். மீனா மேல தப்பில்ல, அவ என் உசுர காப்பாத்தினா. ஆனா இது எவன் வெச்ச மணியால ஆச்சு?"

அன்று சாயங்காலமே இருவரும் முதலாளியைப் பார்த்தோம்.

"வாங்க தோழரே, கொடி எங்க காணோம்?" என்றார் கோதண்டராமன். விஷயத்தைச் சொன்னதும் கையை விரித்தார். "ஒரே நேரம்னா குடுத்துடலாம். இந்தம்மாவுக்கு மாசம் ஒரு நேரம். இப்ப அஞ்சரை, தையில ஆறு, ஆனியில ஆறரை. சூரியனப் பாத்துனு கடை நடத்த முடியுமா?"

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே கண்ணாடிக் கதவுக்கு வெளியே செவலை வந்து நின்றது. முதலாளி பேச்சைப் பாதியில் விட்டார். கீரைக்கட்டை எடுத்தார்.

"மொதலாளி," என்றார் தனலட்சுமி. "இதுக்கு எந்த மெஷின்ல நேரம் போட்டிருக்கீங்க?"

முதலாளி கீரையோடு திரும்பினார்.

"அஞ்சு வருஷமா பாக்கறேன். உள்ள எந்நேரமும் டியூப்லைட்டு, எனக்கு வானமே தெரியாது. இது வந்து நின்னாத்தான் பொழுது எறங்குதுன்னு எனக்குத் தெரியும். ஆனியில ஆறு மணிக்கு மேல வருது. இப்ப அஞ்சரைக்கே வந்துடுது. இன்னாத்துக்கு மாசம் ஒரு நேரத்துக்கு வரேன்னு இத ஒரு நாளாச்சும் கேட்டிருக்கீங்களா? எழுந்து ஓடறீங்க."

சேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா சிரித்துவிட்டார். முதலாளிக்கு முகம் சுருங்கியது. "சரிம்மா, சரி. மாடு வந்தா நீயும் போய் சாப்டு. போதுமா?"

அப்போதே எழுதி வாங்கியிருக்க வேண்டும். முப்பது வருஷம் ஒப்பந்தம் போட்டவன், ஒரு மாட்டை நம்பி வாய்ப்பேச்சோடு திரும்பி வந்தேன். அந்தத் தப்பு என்னுடையது.

மார்கழி, தை, மாசி ஓடிவிட்டது. மாடு தெருமுனையில் தெரிந்ததும், "தனம்க்கா, உன் சைரன் வந்துட்டுது!" என்று மீனம்பாள் கூவுவார். தனலட்சுமி டப்பாவோடு குடோனுக்குப் போவார்.

பங்குனியில் ஒரு நாள் மாடு வரவில்லை. டப்பாவை எடுத்தவரை சிவசங்கர் மறித்தான்.

"மாடு எங்கக்கா?"

"வரல. அதுக்காக சூரியன் நின்னுடுச்சா?"

"மாடு வந்தாத்தான்னு மொதலாளி சொன்னாரு. வரலைன்னா ஆறரை."

பங்குனியில் பொழுது சாய்வது ஆறு இருபதுக்கு. பத்தே நிமிஷம்! அந்தப் பத்து நிமிஷத்துக்காக ஒரு மனுஷியை மூன்று நாள் பட்டினி போட்டான். மறுபடி விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் தனலட்சுமி மாத்திரையையே நிறுத்திவிட்டார்.

நாலாம் நாள் அவருக்கு வார விடுப்பு. சாயங்காலம் ராஜம்மாள் வீட்டுக்குப் போனோம். செவலை முளைக்குச்சியில் கட்டிக் கிடந்தது.

"தெருவுல திரியற மாட்டப் புடிச்சினு போறாங்களாம், வண்டி வருதாம். அதான் கட்டிட்டேன்," என்றார் ராஜம்மாள். "தீனி இங்கயே போட்டுடறேன். ஆனா கொஞ்சம் இரு, வேடிக்கைய பாரு."

கோட்டை மலைமேல் வெயில் மங்கியது. படுத்திருந்த மாடு எழுந்தது. முன்னால் கிடந்த வைக்கோலைச் சீண்டவில்லை. கடைத்தெருப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கழுத்து இறுகக் கயிற்றை இழுத்தது.

"தெனமும் இதே கூத்துதான்," என்று சிரித்தார் ராஜம்மாள். "யாருதான் வந்து இது காதுல சொல்றாங்களோ!"

தனலட்சுமி சிரிக்கவில்லை. "பாத்தீங்களா தோழர்? கட்டிப்போட்டும் இழுக்குது. என்னை எவனும் கயித்துல கட்டல. நான் இன்னாத்துக்கு நின்னுனு இருக்கறேன்?"

மறுநாள் நான் எதிர் டீக்கடையில் நின்றிருந்தேன். ஆறு மணிக்கு தனலட்சுமி கையிலிருந்த சேலையை மடித்து வைத்தார். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, மாடு வழக்கமாக நிற்கும் இடத்தில், வாசல்படியில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார். புளிச்சோறு.

சிவசங்கர் பின்னாலேயே ஓடிவந்தான். "இன்னாக்கா இது, கஸ்டமர் வர்ற வழியில?"

"மாடு நின்னப்ப வழி இருந்துச்சே?" வாயில் சோற்றோடு சொன்னார்.

மீனம்பாளும் இன்னும் மூன்று பெண்களும் கதவுக்கு வந்துவிட்டார்கள். அப்போதுதான் கோதண்டராமன் வெளியே வந்தார். கையில் அகத்திக்கீரை. மாடு நாலு நாளாக வருவதில்லை என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் அந்த நேரம் ஆனதும் கால் வாசலுக்கு வந்துவிட்டது, கை கீரையை எடுத்துவிட்டது. படியில் உட்கார்ந்து சாப்பிடும் பெண்ணுக்கு முன்னால், கீரைக்கட்டோடு நின்றார். தெருவே பார்த்தது.

தனலட்சுமி அவசரப்படவில்லை. கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, டப்பாவைக் கழுவி மூடியபோது மலைமேல் இன்னும் ஒரு கோடு வெயில் இருந்தது.

"உள்ள வாம்மா, எழுதித் தந்துடறேன்," என்றார் முதலாளி, மெதுவாக.

இந்த முறையும் நான் கூடவே உள்ளே போனேன். பொழுது சாய்வதற்கு முன் பதினைந்து நிமிஷம், காலண்டரில் போட்டிருக்கும் அஸ்தமன நேரப்படி. நன்றாகத்தான் எழுதினார். முடிவில் 'கருணை அடிப்படையில்' என்று சேர்த்திருந்தார்.

தனலட்சுமி பேனாவை வாங்கி அந்த இரண்டு சொல்லையும் குறுக்கே அடித்தார்.

"அத மாட்டுக்கே வெச்சிக்குங்க மொதலாளி," என்று சொல்லிவிட்டு கவுண்டருக்குப் போனார். அங்கே இரண்டு பேர் பட்டுச்சேலை பார்க்கக் காத்திருந்தார்கள்.