பாண்டவங்க குடி

ஆந்திரா தனியாகப் பிரிந்து, எந்த ஊர் யாருக்கு என்று தகராறு நடந்த நாட்களில் சர்வேக்காரர்களுக்கு அளவுச் சங்கிலி இழுத்தேன். ஐந்தாவதோடு நின்றவன், தமிழ், தெலுங்கு இரண்டு பாஷையும் வரும் என்பதால் பாகாலாவில் சேர்த்துக்கொண்டார்கள். புத்தூர்ப் பக்கம் போனபோது காலில் செருப்பில்லை.

ஒரு வேர்க்கடலைக் கொல்லையில், கிணற்றை ஒட்டி, நான்கு பலகைக்கற்கள் நின்றன. மேலே ஒரு பாறை மூடி. ஒரு கல்லில் ஆள் நுழையுமளவு வட்ட ஓட்டை. இது என்ன என்று தெலுங்கு சர்வேயர் கேட்டார்.

"பாண்டவங்க குடி சார்," என்றார் கொல்லைக்காரர்.

சர்வேயர் பேனாவைத் திறந்தார். நமக்குக் குடி என்றால் ஆள் வாழும் வீடு. அவர் தெலுங்கில் அது கோயில். கோயில் என்று எழுதிவிட்டால் கிணறும் கொல்லையும் கோயில் நிலம்.

"ஐயோ, கோயில் இல்ல சார்! உள்ள சாமியே கெடையாது."

உள்ளே போய்ப் பார்த்தாயா என்றார் சர்வேயர்.

"எவன் பூருவான்? பாம்பு கீது."

சர்வேயர் என் பக்கம் திரும்பினார். ஓட்டையைக் கழியால் தட்டிவிட்டுத் தவழ்ந்தேன். எதிர்க்கல்லில் வட்டத்துக்குள் வட்டமாக உளியால் கொத்தியிருந்தது. வெளியே வந்து அப்படியே சொன்னேன்.

"சக்ரமு!" என்று சர்வேயர் செருப்பைக் கழற்றினார்.

கொல்லைக்காரரின் மனைவி களைக்கொத்தோடு என்னிடம் வந்தாள். "வாய மூடிக்கினு இருக்க மாட்டியாடா? எங்க வயித்துல மண்ணு போட வந்தியா?"

மறுபடி நுழைந்தேன். மண்ணைக் கையால் கிளறினேன். உடைந்த பானை. அதற்குள் ஒரு எலும்புத் துண்டு. அதைக் கொண்டுவந்து நீட்டினேன்.

"கோயில்ல எலும்பு வப்பாங்களா சார்?"

அவர் பின்வாங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டார். பேனா மட்டும் மூடவில்லை. சுடுகாடு என்று எழுதினாலும் நிலம் போய்விடும். கொல்லைக்காரர் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கல்லுன்னு எழுது சாமி," என்றாள் மனைவி. "கண்ணுக்குத் தெரியறது கல்லுதானே."

சர்வேயர் கல்லை ஒரு சுற்று சுற்றி வந்தார். பிறகு தெலுங்கில் 'பண்ட' என்று எழுதினார். பாறை.

கொல்லைக்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவள் என் கையிலிருந்த எலும்பைக் காட்டினாள்.

"அத எடுத்த எடத்துலயே வச்சிட்டு வா. ராத்திரிக்கு நாங்க இங்கதான் காவல் படுக்கணும்."

மூன்றாவது முறை நுழைந்தேன். முதல் இரண்டு முறையும் பாம்புக்குத்தான் பயந்தேன். இப்போது கையில் எலும்போடு, பாம்பு ஞாபகத்துக்கே வரவில்லை.