பிரேமினி ஊற்றக் கூடாத தண்ணீர்

லோஜினி பெரியவளான செய்தி முதலில் பிரேமினியின் காதுக்குத்தான் வந்தது. பூண்டுலோயாவில் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள், தேயிலைத் தோட்டத்து லய வரிசை வீட்டு வாசலில் பையைக்கூடக் கழற்றாமல், "சித்தி, கொஞ்சம் உள்ள வாங்களேன்" என்றாள். வயிற்று வலிக்குச் சுடுதண்ணீர்ப் போத்தல் வைத்ததும், பயந்து அழுதவளைச் சிரிக்க வைத்ததும் பிரேமினிதான். லோஜினியைப் பெற்றவள் இறந்தபின் பிரதாப்புக்கு இரண்டாம் தாரமாக வந்தவள் அவள். 'அம்மா' என்று கூப்பிடு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. செத்தவளின் படத்தைச் சுவரிலிருந்து எடுக்கவும் விட்டதில்லை. பிள்ளைக்கு இரண்டு பேருமே இருக்கட்டுமே!

தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாளில், தலவாக்கலையிலிருந்து வந்த பிரதாப்பின் அக்கா எஸ்தர் பிரேமினியை மறித்தாள்.

"நீ தள்ளி நில்லு. மாத்தாந்தாய் கை பட்டா புள்ளைக்கு ஆகாது."

"மதினி, நம்ம வேதக்காரங்க. இது எந்த அதிகாரத்துல இருக்கு?"

"எனக்கே வேதம் சொல்லித் தர்றியா? ஊரு என்னா பேசும்?"

பிரதாப் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிரேமினிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மோசேயைப் பார்வோன் மகள் எடுத்து வளர்த்த கதைக்கு 'ஆமென்' சொன்ன வாய்தானே இது? இயேசுவை வளர்த்த யோசேப்பு பெற்ற தகப்பனா? ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் சோசியம் பாவம். சடங்கென்றால் மட்டும் நல்ல நேரம் வேண்டும். காய்ச்சலில் துவண்ட பிள்ளையைச் சுமந்து தோட்டத்து டிஸ்பென்சரிக்கு ஓடியபோது, இது ஆகாத கை என்று ஒருத்தியும் சொல்லவில்லையே!

"நல்ல நேரம் போகுது!" அடுப்பில் இருந்த தண்ணீர் கொதிக்கும்வரை எஸ்தருக்குப் பொறுமையில்லை. பீப்பாயில் மொண்டு, மஞ்சளைக் கரைத்து, லோஜினி நின்ற சேலை மறைப்புக்குள் நுழைந்தாள். முதல் செம்பு விழுந்ததும் லயமே அதிர்ந்தது.

"சித்தீ! பச்சத் தண்ணி! இங்க வாங்க சித்தி!"

பிரேமினி யாரையும் கேட்கவில்லை. அடுப்பிலிருந்த குண்டானைத் தூக்கிக்கொண்டு மறைப்பை விலக்கினாள். பல் தந்தியடிக்க நின்ற லோஜினி பொரிந்து தள்ளினாள்.

"எங்க போனீங்க? என்னைய விட்டுட்டு வெளிய என்னா வேல?"

"ஒங்க அத்தைகிட்ட கேளு."

"அப்புறமா சண்ட போடுங்க. இப்ப ஊத்துங்க, குளிருது!"

"மதினி, அந்தச் செம்பக் குடுங்க."

எஸ்தர் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தாள். பிரேமினிக்குக் கோபம் அடங்கவில்லை, அடங்க வேண்டியதுமில்லை. தண்ணீரை விளாவி, முழங்கையில் சூடு பார்த்து, பிள்ளையின் தலையில் ஊற்றினாள்.